மோரெலுக்கு ஒரு நேர்ச்சை

எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். பதினோராவதாக நிற்பவன் கார்னியே. அவனுடைய பின்கழுத்தைத்தான் விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெயிலில் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் புதுத்தோல் சிவந்து, அதுவும் உரியத் தயாராகிக்கொண்டிருக்கிற கழுத்து. வேறு பக்கம் பார்க்கலாம்தான். வலப்பக்கம் கடல், நாற்பது நாளாகப் பார்த்துச் சலித்த கடல். இடப்பக்கம் கரை. காலையில் பாய்மரத்து உச்சியிலிருந்து மாலுமி கரை தெரிகிறது என்று கத்தியபோது கப்பலே அழுதது, நானும் அழுதேன், மறைப்பானேன். யோப்பா பட்டணம். நம் சிலுவைப்படை பிடித்து வைத்திருக்கிற துறைமுகம், அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் எருசலேம். மதியத்துக்குள் நங்கூரம் போட்டுவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொருவனும் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்திருக்க வேண்டும், கர்த்தர் நடந்த மண்ணில் பாவத்தோடு ஒரு கால்கூடப் படக்கூடாது என்பது ராஜாவின் உத்தரவு. ராஜாவின் கப்பலில் ஆறு சாமியார்கள், போதாததற்கு அவர்களுக்கு மேலே ஒரு மேற்றிராணியார். எங்களுக்கு அன்செல்ம் சாமி ஒருவர்தான். அவருக்கும் கப்பல் ஏறிய நாளிலிருந்து வாந்தி. இப்போதுகூடப் பாய்மரத்தடியில் சுருட்டிப்போட்ட கயிற்றின்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டுதான் எங்கள் பாவங்களைக் கேட்கிறார். ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்துவார், வாளிப் பக்கம் திரும்புவார், வாயைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுப்பா" என்பார். எந்தப் பாவம் அவர் வயிற்றைப் புரட்டியது என்று வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முறை வரும்போது அவர் வாளிப் பக்கம் திரும்பினால் நான் என்ன நினைத்துக்கொள்வது?

நான் சொல்ல வேண்டியது ஒரு நேர்ச்சை. நேர்ச்சை பாவம் இல்லை. மாதாவுக்கு ஒன்றை நேர்ந்துகொண்டு, கேட்டது கிடைத்த பிறகு, நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால்தான் பாவம். நான் இன்னும் விடவில்லையே. நாளைக்கோ மறுநாளோ என் குதிரை மோரெலுக்குச் சேணம் பூட்டி, அங்கவடியில் காலை வைத்து, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது பாவமாகும். இன்றைக்குச் செய்யாத பாவத்தை இன்றைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? இப்படி யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஏறி உட்காருவேன் என்று இன்றைக்கே எனக்குத் தெரியுமே, தெரிந்துகொண்டே சாமியின் முன்னால் முழங்காலில் நின்று, வேறொன்றும் இல்லை சாமி என்று சொன்னால் அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னவன் அந்த மலைப்பாதையில் ஒரு அம்பு பட்டுச் செத்தால் நேராக எங்கே போவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அடித்த புயலில் நேர்ந்துகொண்டது அது. எல்லோரும்தான் நேர்ந்துகொண்டார்கள். ஒருவன் தன் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்றான். சமையற்காரன் சாகும்வரை பன்றியிறைச்சி தொடமாட்டேன் என்றான், இப்போது அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. எல்லோரும் தங்கள் உயிருக்கு நேர்ந்துகொண்டார்கள். நான் ஒருத்தன்தான் குதிரைக்கு நேர்ந்துகொண்டேன். மாதாவே, இந்த மோரெல் பிழைக்கட்டும், உம் மகன் கல்லறைக்கு நடந்தே வருகிறேன், இனிமேல் இதன் முதுகில் உட்கார மாட்டேன். வார்த்தைக்கு வார்த்தை இதுதான். குதிரையை வைத்துக்கொள்வதற்காக அதில் ஏறுவதை விட்டுக்கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாப்பாட்டைக் காப்பாற்ற வாயைத் தைத்துக்கொண்ட மாதிரி. வார் விஷயம் வேறு. அது இதில் வராது.

பத்துப் பேர். பத்தா ஒன்பதா, யாரோ ஒருவன் மூத்திரம் பெய்யப் போயிருக்கிறான். தூரத்தில் ராஜாவின் கப்பல், அதன் கொடி, கொடிக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஆட்கள். அதில் ஒரு புள்ளி ராஜா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முன் மண்டியிட்டு, என் இரண்டு கைகளையும் கூப்பி அவர் கைகளுக்குள் வைத்து, குதிரையும் ஈட்டியுமாக உம்மோடு வருவேன் என்று சொன்னேன். அன்றைக்கு அவருக்குச் சளி. கைகள் சில்லென்று இருந்தன, மூக்கு சிவந்திருந்தது. நான் சத்தியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தும்மல் வர, என் கைகளை விடவும் முடியாமல், மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டார். அந்த நிமிஷம்தான் இந்த மனிதனுக்காகச் சாகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உன் பெயர் என்ன என்று கேட்டார், தியெரி என்றேன், தலையாட்டினார். கப்பல் ஏறிய துறைமுகத்தில் படையைப் பார்வையிட வந்தபோது என்னைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி, மோரெலின் கழுத்தைத் தட்டி, "இந்தக் கறுப்பு என் இடப்பக்கத்துல வரட்டும்" என்றார். நான் தியெரி என்று மறுபடி சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் போய்விட்டார். ராஜாவின் இடப்பக்கம். என் அப்பாவுக்கு ராஜா இருக்கிற ஊரே தெரியாது. இரண்டாவது பிள்ளை, நிலம் அண்ணனுக்கு, எனக்கென்று இருந்தது ஒரு குதிரை, அந்தக் குதிரையால் நான் ராஜாவின் இடப்பக்கம். இப்போது போய், ராஜாவே, நான் நடந்து வருகிறேன், நேர்ச்சை என்று சொன்னால் கோடாலிக்காரர்களோடு காலாட்கூட்டத்தில் வா என்பார். அதுகூடச் சொல்ல மாட்டார். வேறு யாராவது சொல்லி அனுப்புவார்கள். புழுதிக்குள் நடக்க வேண்டும், முன்னால் போகிற குதிரைகளின் சாணத்தை மிதித்துக்கொண்டு. எனக்கு நடக்கப் பயமில்லை. பார்க்கிறவர்கள் எதையாவது நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருக்க முடியவில்லையே, அதுதான்.

நேர்ச்சையில் ஓட்டை இருக்கிறதா என்று பன்னிரண்டு நாளாகத் தேடுகிறேன். உட்கார மாட்டேன் என்றுதானே சொன்னேன், அங்கவடியில் நின்றுகொண்டே போனால்? எருசலேம் வரைக்கும் நின்றுகொண்டே ஒருவன் குதிரை ஓட்டிப் போனால் எதிரி சிரித்தே செத்துவிடுவான், போரே வேண்டாம். கல்லறையைக் கும்பிட்டு முடித்தபின் ஏறலாமா? இல்லை, இனிமேல் என்றேன். இனிமேல் என்ற ஒரு சொல்லை எதற்குச் சேர்த்தேன்? விற்கிறவர் கேட்காமலே விலையை ஏற்றிக்கொடுத்த முட்டாள் நான். என் மனைவி எர்மின் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். என் மேலாடையில் சிலுவைத்துணியைத் தைத்துத் தந்தவள் அவள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துக்கொண்டே, "மோரெலைப் பாத்துக்கற மாதிரி உங்களையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இப்போது வலிக்கிறது. புயல் அடித்தபோது எர்மினை நினைத்தேனா, மகள் ஆலிஸை நினைத்தேனா? ஆலிஸுக்கு நாலு வயது, நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கப்பல் குப்புறக் கவிழ இருந்த நேரத்தில் ஒரு தகப்பனுக்கு நினைவு வந்தது குதிரை. அதையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் அது எந்தக் கட்டளைக்குக் கீழே வரும் என்று அன்செல்ம் சாமிக்கே தெரியாது. ஆனால் ஒன்று, நான் அன்றைக்கு அடித்தட்டில் இருந்தேன், மேலே இல்லை. மேலே இருந்தவர்களுக்கு வானம் தெரிந்தது, அலை தெரிந்தது, சாவு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது குதிரைகள்தான். இருட்டு, மூத்திர நாற்றம், இருபத்தெட்டுக் குதிரைகள் ஒரே சமயத்தில் போடுகிற சத்தம். அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் வேறு எதையும் நினைத்திருக்க மாட்டீர்கள். யாரிடம் சொல்கிறேன் இதை? சாமியிடம் சொல்வதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன் போல.

ஏழு பேர். சரி, வாரைப் பற்றியும் நினைத்துத்தான் ஆகவேண்டும். எவ்வளவு நேரம் சுற்றி வளைத்தாலும் கடைசியில் கால் அங்கேயே போய் நிற்கிறது. கப்பலில் குதிரை தன் காலை மட்டும் நம்பி நிற்க முடியாது. வயிற்றுக்குக் கீழே அகலமான கித்தான் வார் ஒன்றைக் கொடுத்து, மேலே உத்தரத்தில் கட்டிவைப்பார்கள், கால் வழுக்கினாலும் வார் தாங்கும். வார் அறுந்தால் குதிரை விழும், அந்த ஆட்டத்தில் விழுந்த குதிரை எழுந்திருக்காது. புயலன்று மோரெலின் வார் ஒரு பக்கம் கிழிந்தது. அதற்கு அடுத்த தடுப்பில் நின்ற லியார், கார்னியேயின் சாம்பல் குதிரை, அதன் வாரும் கிழிந்துகொண்டிருந்தது. உபரியாக ஒரே ஒரு வார்தான், இரண்டு தடுப்புக்கும் நடுவில் ஆணியில் தொங்கியது. குதிரைக்காரன் பெர்த்தோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு, விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு எசமான்?" என்று கேட்டான். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கார்னியேயைக் கூப்பிட்டிருக்கலாம், ஏணிக்கு மேலே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இரண்டு குதிரைகளில் எந்த வார் அதிகம் கிழிந்திருக்கிறது என்றாவது பார்த்திருக்கலாம். லியாரின் வார்தான் அதிகம் கிழிந்திருந்தது, அது எனக்குத் தெரியும், பார்க்காமலே தெரியும், விளக்கு வெளிச்சத்தில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கு" என்று மோரெலைக் காட்டினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் லியார் விழுந்தது. அது பலகையை உதைத்த சத்தம் ஒரு நாழிகை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மோரெலின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி நேர்ந்துகொண்டதுதான் இந்த நேர்ச்சை. பக்தியாவது மண்ணாவது. திருடினவன் திருடின பொருளைத் தக்கவைக்க மாதாவுக்கு லஞ்சம் கொடுத்தது அது. சொல்லிவிட்டேன். மனசுக்குள்தான் சொன்னேன் என்றாலும் முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கார்னியேயின் கழுத்து அப்படியே இருக்கிறது. ஒரு ஈ வந்து உட்கார்ந்ததற்குத்தான் அவன் கையைத் தூக்கினான்.

பெர்த்தோ வாயைத் திறக்க மாட்டான். கார்னியேக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அவன் சும்மா இருக்கிற ஆளா? கப்பல் ஏறின நாளிலிருந்து புயல் வரைக்கும் அவன் வாய் மூடி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது பேசுவான், தூக்கத்தில் பேசுவான், தன் ஊர்ச் சந்தையில் தான் தூக்கிய பீப்பாயைப் பற்றி மூன்று விதமாகச் சொல்வான், ஒவ்வொரு தடவையும் பீப்பாய் பெருத்துக்கொண்டே போகும். எனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. முரட்டுக் கை, கடிவாளத்தை இழுக்கிற இழுப்பில் குதிரைக்கு வாய் கிழிந்துவிடும் என்று நினைப்பேன். பாவம் செய்தவனுக்கு இது எவ்வளவு சௌகரியமான நினைப்பு பாருங்கள், அவன் கையில் இருந்தால் லியார் எப்படியும் வீணாய்ப் போயிருக்கும் என்றுகூட ஒரு நாள் எண்ணினேன். லியாரைக் கயிறு கட்டி மேலே தூக்கிக் கடலில் தள்ளினபோது அவன்தான் கயிற்றைப் பிடித்திருந்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. அதற்கப்புறம் பேசவில்லை. பன்னிரண்டு நாள். மூன்று நாளைக்கு முன்னால் காய்ந்த ரொட்டியைக் கடிக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது தன் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தினான். நான் தின்றேன். அந்த வெங்காயம் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. குதிரை இல்லாத இவனும் நாளைக்குக் கோடாலிக்காரர்களோடுதான் நடக்கப் போகிறான், அவன் நடப்பதைக் குதிரைமேல் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ராஜாவின் இடப்பக்கம். இது எனக்கு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும், இப்போதும் வேண்டும். அதுதான் கஷ்டம். வேண்டாம் என்று தோன்றிவிட்டால் எவ்வளவு சுலபம்.

நான்கு பேர், மூன்று பேர். சாமி வேகமாக்கிவிட்டார், கரை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்து அவருக்கு முகம் தெளிந்திருக்கிறது. காற்றில் மண் வாசனை வருகிறது, மண்ணும் ஏதோ இலையும் புகையும். நாற்பது நாளுக்கு அப்புறம் புகைவாசனைகூட எவ்வளவு நன்றாக இருக்கிறது. கரையில் கழுதைகள் நிற்பது தெரிகிறது, ஒரு பெண் தலையில் எதையோ வைத்துக்கொண்டு போகிறாள். கர்த்தர் இந்தப் பக்கமெல்லாம் நடந்துதானே போனார். ஒரு தடவை கழுதைமேல் போனார், அதுவும் இரவல் கழுதை. அப்படியானால் நடப்பதில் என்ன கேவலம்? இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் அடுத்த நிமிஷமே இதை நம்பித்தான் சொல்கிறாயா, வேறு வழி இல்லாததால் சொல்கிறாயா என்று உள்ளே ஒருவன் கேட்கிறான். இரண்டும்தான் என்றேன். கார்னியே முன்னால் போய் முழங்காலிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு மடங்கும்போது பலகை கிரீச்சிட்டது. அவன் சொல்வது எனக்குக் கேட்கக் கூடாது என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன், என் பின்னால் நின்றவன் காலை மிதித்துத் திட்டு வாங்கினேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. எழுந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கப்பல் விளிம்புப் பக்கம் போய்க் கரையைப் பார்த்து நின்றான். இப்போது வாளி எனக்குத்தான் தேவைப்படும் போலிருந்தது.

"கடைசியா எப்பப்பா பாவசங்கீர்த்தனம் பண்ணினே?" என்றார் அன்செல்ம் சாமி.

"கப்பல் ஏறும்போது, சாமி. உங்ககிட்டதான்."

"அப்ப எனக்கு உடம்பு நல்லா இருந்தது. சொல்லு."

நேர்ச்சையைச் சொன்னேன். ராஜாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். மேற்றிராணியாரிடம் சொல்லி நேர்ச்சையை மாற்றி வாங்கலாமா, நடப்பதற்குப் பதிலாக மெழுகுவத்தி ஏதாவது ஏற்றலாமா என்று கேட்டேன். கோர்வையாகத்தான் வந்தது, பழகியிருந்தேன் அல்லவா. சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது கண்ணைத் திறந்தார்.

"புயல்ல எல்லாரும் உயிருக்குப் பயந்தாங்க. நீ எதுக்குப் பயந்தே?"

அவர் அவசரப்படுத்தவில்லை. பின்னால் வரிசை இருக்கிறதே என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. அப்புறம் வாரைச் சொன்னேன். இது கோர்வையாக வரவில்லை. ஆணியில் தொங்கியதை முதலில் சொன்னேன், பிறகு லியார் உதைத்த சத்தத்தை, பிறகு பெர்த்தோவின் விளக்கை, கடைசியில்தான் "இதுக்கு" என்று நான் காட்டியதை. சாமி வாளிப் பக்கம் திரும்பவில்லை.

"உன் குதிரை இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, சாமி. நேத்து ரெண்டு வாளித் தண்ணி குடிச்சது."

"அப்ப மாதா தன் பங்கைச் செஞ்சாச்சு. நீ நடக்க வேண்டியதுதான்."

"ராஜா என்னை இடப்பக்கத்துல வரச் சொல்லியிருக்கார், சாமி."

"உன் பேரு அவருக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"அவருக்கு வேண்டியது அந்தப் பக்கம் குதிரைமேல ஒரு ஆள்," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பாரு, மன்னிப்பை நான் தரலாம். அதுக்குத்தான் இந்தக் கயித்துமேல உக்காந்திருக்கேன். குதிரை போனவனுக்குக் குதிரையை நானா தர முடியும்?" என்றார்.

அவர் கையை உயர்த்தி மன்னிப்பு மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். இலத்தீன் வார்த்தைகள் மேலே போய்க்கொண்டிருந்தன, நான் மனசால் கீழே மோரெலோடு நின்றேன். அதன் காதுக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே சொறிந்தால் கீழுதடு தொங்கிவிடும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்வது, விரலால் காட்டினால்தான் புரியும். அப்போதுதான் தெரிந்தது, நான் முடிவு செய்துவிட்டேன் என்பது. எப்போது செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். சாமி என் தோளைத் தட்டி, "அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றார்.

கார்னியே நிற்கிற இடம் பதினைந்து அடி இருக்கும். எருசலேம் போகிற பாதையில் இதுதான் கஷ்டமான பதினைந்து அடி என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை. எனக்கு முன்னுரை எதுவும் தெரியவில்லை.

"கார்னியே, புயலன்னைக்கு அடித்தட்டுல ஒரே ஒரு உபரி வார் இருந்தது. லியாருக்குத்தான் வேணும்னு தெரிஞ்சே மோரெலுக்குக் கட்டச் சொன்னேன். பெர்த்தோமேல தப்பில்லை. நான்தான் சொன்னேன்."

அவன் திரும்பினான். கை எழுந்தது. அந்தக் கை பீப்பாய் தூக்கினது உண்மையோ பொய்யோ, அது என் தாடையில் விழுந்தால் கடலில்தான் போய் விழுவேன் என்று தெரிந்தது, நகராமல் நின்றேன். அந்தக் கை பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்," என்றான். பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் கேட்கிற குரல், கரகரத்திருந்தது.

"கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டேன்." கரையைப் பார்த்தான். "அது கத்தினது எனக்கு மேல கேட்டது, தியெரி. அத்தனை சத்தத்துலயும் அதோட குரல் எனக்குத் தெரியும். பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். கையை விட முடியலை. இப்ப சாமிகிட்ட அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். நீயாவது கீழே போனே."

அவன் மௌனத்தை என்மேல் வைத்த குற்றம் என்று பன்னிரண்டு நாளும் எண்ணியிருந்தேன். அவன் கழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் நடுங்கிய நேரமெல்லாம் அவன் தன்னைப் பார்த்து நடுங்கியிருக்கிறான். எனக்கு அவன்மேல் பெரிய அன்பு வந்தது, வெங்காயத்தின் மிச்சப் பாதியையும் இப்போது கொடுத்தால் தின்றிருப்பேன்.

"மோரெலை எடுத்துக்கோ," என்றேன்.

"வேண்டாம்."

"இரவல் இல்லை. உனக்குத்தான். நான் அதுல ஏற முடியாது, நேர்ந்துக்கிட்டேன்." நேர்ச்சையைச் சொன்னேன். இனிமேல் என்று சேர்த்ததையும் சொன்னேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "குதிரை பிழைக்கணும்னு, அதுல ஏற மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டியா?"

"ஆமாம்."

முதலில் அவன் தோள் குலுங்கியது, அழுகிறான் என்றே நினைத்தேன். சிரிப்பு. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான், சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டும் இருந்தான். நானும் சிரித்தேன். அன்செல்ம் சாமி அங்கிருந்து, சத்தம் போடாதீங்கப்பா என்று கையைக் காட்டினார்.

"ராஜா கேட்டா?" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு.

"கறுப்புக் குதிரை எங்கேன்னுதான் கேப்பார். அது மேல நீ இருப்பே. இடப்பக்கம் போய் நின்னுக்கோ. கடிவாளத்தை மட்டும் இழுக்காதே, கார்னியே. அதுக்கு வாய் மென்மை. காலால சொன்னாலே திரும்பும்." ராஜாவின் இடப்பக்கம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. போனது தெரிந்தது, வலித்தது. ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சுக்குள் நின்றுகொண்டிருந்த வரிசை கலைந்துவிட்ட மாதிரி இருந்தது.

"இழுக்க மாட்டேன்," என்றான் அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு. "நீ சொல்லிக்குடு."

மாலுமிகள் பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நங்கூரக் கயிறு ஓடுகிற சத்தம் கேட்டது, கப்பல் ஒரு தடவை அசைந்து நின்றது. கீழே குதிரைகளுக்குக் கரை வாசனை போய்விட்டது போல, எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. அதில் மோரெலின் குரல் எது என்று எனக்குத் தெரிந்தது. அவனும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஏணிப் பக்கம் நடந்தோம். கார்னியே முன்னால் இறங்கினான். பாதி ஏணியில் நின்று, ஏதோ பெரிய சட்டப் பிரச்சினையை யோசித்தவன்போல் என்னை அண்ணாந்து பார்த்தான்.

"உன் மூட்டை ஏறக் கூடாதுன்னும் நேர்ந்துக்கிட்டியா?"

"இல்லை. அந்த நேரத்துல மூட்டை ஞாபகம் வரலை."

"அப்ப அதை மோரெல்மேல போடு. பக்கத்துலயே நடந்து வா. ரெண்டு நாள் வழி, பேச வேண்டியது எனக்கு நிறைய சேந்துபோச்சு."